கறுப்பு ஹால்

“ஹால் மாதிரியா இருக்குது? சினிமா கொட்டாய்க்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்குது,” என்றான் மணிவேல், செருப்பைக் கழற்றியபடி.

ஆபீஸ் பயிற்சிக்காக ஒரு வாரம் சென்னைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். வேங்கிக்காலில் அவர்கள் கட்டிய புது வீடு அது. ஹாலை மட்டும் தன் பொறுப்பில் விடும்படி மனைவி வேதா கேட்டிருந்தாள். விட்டதன் பலன் இப்போது கண்ணெதிரே கிடந்தது. தரை முழுக்கக் காப்பிக்கொட்டை நிறத்தில் மரப்பலகை. அதன் மேல் கறுப்பு சோபா, கறுப்பு டீப்பாய், கறுப்பு டிவி ஸ்டாண்டு. ஜன்னல் திரையையாவது விட்டாளா என்றால் அதுவும் கறுப்பு.

நல்ல நாள் என்றால் மஞ்சள் புடவையைத் தவிர வேறு கட்டாதவள் வேதா. கடையில் கறுப்புக் குடை கொடுத்தால்கூட வேறு நிறம் கேட்பாள். அவளுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

“நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலத்துக்கு எழில் அக்கா வருது. மொத மொறையா இந்த ஹால பாக்கப்போவுது. அது என்னா சொல்லும்னு யோசிச்சியா?”

“அதையேதாங்க யோசிச்சுக்கினு இருக்கிறேன்,” என்றாள் வேதா.

குரலில் பயம் தெரிந்தது. அந்த மட்டுக்கும் நல்லது என்று மணிவேல் நினைத்துக்கொண்டான். எழிலரசி அவனுடைய மூத்த அக்கா, ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள். சாஸ்திரம், சகுனம் என்றால் ரொம்பக் கறார். பூனை குறுக்கே போனால் ஏற வேண்டிய பஸ்ஸையே விட்டுவிடுவாள். அவள் வாயில் விழுந்து எழுவதைவிட மலையை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிவிடலாம்.

சாமான் போட்டுக் கொடுத்த இன்டீரியர் கடை தேவிப்ரியாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தான். அந்தப் பெண்ணோ அழாக்குறையாகப் பேசினாள். இருட்டுத் தரையையும் கறுப்பு சோபாவையும் எடுத்துக்காட்ட வெளிர் நிறத்தில் ஒரு கம்பளம் விரிக்க வேண்டும், மஞ்சள் வெளிச்சம் கொடுக்க வேண்டும், மூலையில் பித்தளைத் தவலையில் ஒரு செடி வைத்தால் அரண்மனை மாதிரி ஆகிவிடும் என்று தலைகீழாக நின்று பார்த்தாளாம். வீட்டம்மா எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையாம். தன் கடைப் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

மணிவேல் சும்மா இருப்பானா? அன்று சாயங்காலமே தேரடி வீதிக்கு வண்டியை விட்டான். மஞ்சள் உறை போட்ட திண்டுகளும் சந்தன நிறத்தில் ஒரு விரிப்பும் வாங்கி வந்து போட்டான். ஹாலுக்கு உடனே ஒரு களை வந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

காலையில் எழுந்து பார்த்தால் ஒன்றையும் காணோம். எல்லாம் பரணில் ஏறியிருந்தன.

“இன்னிக்கு ஒரு நாள் நீங்க எதையும் தொடாம இருங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்,” என்றாள் வேதா.

மத்தியானம் எழிலரசி வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஹாலை மேலும் கீழும் பார்த்தாள். வேதா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னா வேதா இது, எழவு வுழுந்த வூடு மாதிரி?”

பிறகு பிடித்துக்கொண்டது வசவு மழை. வாழுகிற வீட்டில் இவ்வளவு கறுப்பு ஆகுமா, லட்சுமி எந்த வழியாக உள்ளே வருவாள், தம்பிக்குத்தான் புத்தி இல்லை என்றால் வந்தவளுக்குமா இல்லை என்று பொரிந்து தள்ளினாள். சோபாவில் உட்காரச் சொன்னால், முந்தானை அதில் பட்டுவிடாமல் இழுத்துப் பிடித்தபடி சமையலறைக்குப் போய்விட்டாள். பேருக்கு ஒரு வாய் சாப்பிட்டாள். வெயில் தாழ்ந்ததும் கிரிவலத்துக்குக் கிளம்பினாள். சுற்றி முடித்துவிட்டு அப்படியே ஆரணி பஸ் ஏறிவிடுவதாகவும், இந்த ஹாலை மறுபடி மிதிக்கத் தன்னால் ஆகாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கேட் சாத்தியதும் வேதா ஓடிவந்து சோபாவில் விழுந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மணிவேல் பக்கத்தில் போனான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்குதுன்னு அண்ணி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்த சோபா இந்நேரம் ஆரணிக்குப் பூட்டிருக்கும்ங்க.”

மணிவேலுக்கு அப்போதுதான் விளங்கியது. பிறந்த வீட்டுப் பெண் ஆசைப்பட்ட பொருளைக் கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அக்கா வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. நல்லா இருக்குதே என்பாள், அவ்வளவுதான். அப்படித்தான் ஊஞ்சல் போனது. கண்ணாடி பீரோ போனது. வேதா சீட்டுக் கட்டி ஆசை ஆசையாக வாங்கிய தேக்குக் கட்டிலும் போனது. ஒவ்வொரு தடவையும் முன்னால் நின்று வண்டியில் ஏற்றிவிட்டவன் இவன்தான்.

“கறுப்பு எனக்கும் புடிக்காதுதான். ஆனா எனக்குன்னு வாங்கின சாமான் ஒண்ணாவது என் வூட்ல நிக்கணும்ல?” என்றாள். இப்போது அவளுக்குக் குரல் உடைந்தது.

மணிவேலுக்கு வெட்கமாக இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டை இருவரும் அந்த சோபாவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல சோபாதான் என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு சூட்கேஸ் இறங்கியது. அடுத்து இன்னொன்று. அடுத்து ஒரு துணிமூட்டை. கடைசியாக எழிலரசி இறங்கினாள்.

“மனசு கேக்கல வேதா. தம்பி வூட்ட அப்படியே வுட்டுட்டுப் போவ முடியுமா? ஜோசியராண்ட போயி கேட்டுட்டேன்,” என்று நேராக உள்ளே வந்தவள், கறுப்பு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “பொறந்த வூட்டுப் பொண்ணு கூடவே தங்கி, ஒரு மண்டலம் வெளக்கேத்தினா இந்த ஹாலுக்குப் புடிச்ச தோஷம் பூடுமாம்.”