பதினேழாம் நம்பர் பால்

"கொடுத்தவ யாரு, எந்த ஊரு, எந்தத் தெருன்னு தெரியாம ஒரு சொட்டுகூட எம் பேத்தி வாயில படக்கூடாது. சொல்லிட்டேன்!"

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாளின் குரல் ஓங்கியது. இந்தப் பக்கம் ரீனா பால் எடுக்கும் பம்பை மார்பில் வைத்து அழுத்தியபடி, பாட்டிலில் பால் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அடக்கம் செய்து இன்றோடு ஆறு நாள். பாலுக்கு அது தெரியவில்லை.

பால் வற்ற அவள் அம்மா மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தாள். ரீனா விழுங்கவில்லை. தினமும் காலையில் திரேஸ்புரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கிக்கு வருவாள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பிள்ளை உயிரோடு இருந்த நாளெல்லாம் அவனுக்காக உட்கார்ந்ததும் இதே நாற்காலியில்தான். அவனுக்குச் சுரந்தது ஏதோ ஒரு பிள்ளையின் வயிற்றுக்குப் போனால் போதும். அதற்குமேல் அவள் எதையும் நினைக்கவில்லை.

"கத்தாதீங்கம்மா," என்றாள் நர்ஸ் இசக்கித்தாய். "உங்க மருமகளுக்குக் காய்ச்சல், பால் இன்னும் ஊறல. பிள்ளை ஒன்னேகால் கிலோதான் இருக்கு. இது டெஸ்ட் பண்ணி, சூடுபண்ணி, ஃப்ரீசர்ல வச்சிருக்க தாய்ப்பால். அம்புட்டு சுத்தம்."

"சுத்தத்தை இப்ப யாரு கேட்டா? கடையில டப்பாப் பால் வாங்கியாரேன், அதைக் கரைச்சுக் குடுங்க. அதுக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. ஒரு தொல்லையும் இல்ல."

"டப்பாப் பால் இந்தப் பிள்ளை குடலுக்கு ஒத்துக்காமப் போயிரலாம்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கள்லா? உங்க மவன் துபாய்ல இருந்து போன்ல அழுதாரு. காயல்பட்டினத்துல இருந்து ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு ஓடியாந்தது இதுக்குத்தானா?"

அந்த அம்மாள், குல்சும், குரலை இறக்கினாள். "சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. கொடுத்தவளுக்கு ஆம்பளப் பிள்ளை இருக்கா?"

இசக்கித்தாய் சிரித்துவிட்டாள். "நல்லாருக்கே! ஆம்பளப் பிள்ளை பெத்தவ பாலுன்னா சத்து கூடவோ? அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா. ஒருத்தர் பாலை இன்னொருத்தர் பாலோட கலக்க மாட்டோம், ஆனா பாட்டில்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். இது பதினேழு. இன்னைக்குக் கையில இருக்கது இது ஒண்ணுதான். வேணும்னா கையெழுத்துப் போடுங்க. பிள்ளை பசியில கெடக்கு."

பதினேழு ரீனாவின் நம்பர்.

"பேரு தெரியாம வேண்டாம்," என்றாள் குல்சும்.

ரீனாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீன்கூடையோடு ஏறும் அம்மாவைப் பார்த்து பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே அவள் கண்டிருக்கிறாள். முகம் பார்க்காமல் வேண்டாம் என்பதைவிட, பார்த்துவிட்டே சொல்லட்டும் என்று தோன்றியது. பாட்டிலை மூடி வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு திரையை விலக்கினாள்.

"பதினேழு நான்தான்."

"ஏளா ரீனா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? உள்ள போ!" என்று பதறினாள் இசக்கித்தாய்.

ரீனா போகவில்லை. "பேரு ரீனா. வீட்டுக்காரர் டிக்சன், கடலுக்குப் போறாரு. ஊரு திரேஸ்புரம். நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க." பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தாள். "போதுமா?"

குல்சும் முகத்தைச் சுளிக்கவில்லை. தோல்பையைத் துழாவி ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்தாள். சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதினாள். தெருப் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதினாள். அப்புறம் மேசையில் கிடந்த படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"பாலைக் கொண்டுபோய்க் குடும்மா."

இசக்கித்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃப்ரீசரிலிருந்து பதினேழாம் நம்பர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள். "இதுக்கா இம்புட்டுச் சண்டை? எழுதி வச்சு என்ன செய்யப் போறிய?"

"எங்க மார்க்கத்துல பால் குடுத்தவளும் பெத்தவ மாதிரி உம்மாதான். அவ பெத்த பிள்ளைங்க இவளுக்குக் கூடப்பிறந்த மாதிரி. யாரு எவருன்னு தெரியாமக் குடிக்கவச்சு, நாளைக்கு அவ பெத்த பையனுக்கே இவளைக் கட்டிக் குடுத்துட்டா என்ன செய்ய?" குல்சும் ரீனாவின் பக்கம் திரும்பினாள். "உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ஒரு பையன். ஒம்பது நாள் இருந்தான்."

"அப்போ ஒரு பயமும் இல்லல்லா, நோட்டை மூடுங்கம்மா," என்றாள் இசக்கித்தாய் மெதுவாக.

குல்சும் மூடவில்லை.

"அவன் பேரைச் சொல்லும்மா, எம் பேத்திக்கு அண்ணன்லா."