குழாயில் வந்த மாத்திரை

கடற்கரைக் குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தில் பெல்சிக்கு இது பதினாலாவது வருடம். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் மருந்து சாப்பிடவில்லை என்பதையெல்லாம் அந்தந்த வீட்டுக் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை வைத்தே நிலையத்துக் கணினித் திரை சொல்லிவிடும். வீடு தேடிப் போய்க் கேட்பது அவள் வேலை. இன்றைக்கு எட்டு வீடு ஏறி இறங்கியாயிற்று. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

கடைசி வீடு சந்தியாகுவுடையது. படகு எஞ்சின் பழுதுபார்த்தவர். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். இரண்டு வாரமாக அவருடைய இருதய மாத்திரைகள் உடம்புக்குள் போகாமலே குழாயில் கரைந்து வந்துகொண்டிருந்தன.

“மாத்திரைய கக்கூஸ்ல போடுதீயளா அண்ணாச்சி?” நின்றபடியே கேட்டாள்.

“ஆமா,” என்றார் அவர், மறைக்காமல்.

“மெஷின் காட்டிக் குடுத்துரும்னு தெரியாதா?”

“தெரிஞ்சுதான் போட்டேன். ஒழுங்கா முழுங்குனா இந்த வீட்டுக்கு யாரு வாரா? நீ வாரதுக்கே ரெண்டு வாரம் ஆயிருக்கு.”

பெல்சிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“நாளையில இருந்து முழுங்குவீயளா?”

“நீ வருவியா?”

“வாரேன் அண்ணாச்சி,” என்றாள். முந்நூறு வீடுகளை வைத்துக்கொண்டு அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் டப்பாவைத் திறந்து, அன்றைய மாத்திரையை எடுத்து, அவள் கண்ணெதிரே விழுங்கினார்.