ரோடு போட்டவள்

தனியாகச் சைக்கிளில் மலைமலையாகச் சுற்றிவந்த சாருமதி, அன்று வண்டியைத் தள்ளியே உச்சியை எட்டினாள். இனி மிதிக்க வேண்டாம், அடிவாரம்வரை இறக்கம்தான்.

ரோட்டு வேலைக்கு நடுவே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த குப்பாயி எழுந்து வந்தாள். "இந்த ரோட்டப் போட்டதே நாங்கதான் கண்ணு. ஒருவாட்டி இதுல சர்ருனு போய்ப் பாக்கணும்."

சாருமதியின் பையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தாள். வளைவுக்கு வளைவு அவள் போட்ட கூச்சலில் ஆடுகள் சிதறி ஓடின. இத்தனை மலை இறங்கியும் தான் ஒருமுறைகூட இப்படிக் கத்தியதில்லையே என்று நினைத்த சாருமதியும் தொண்டை கிழியக் கத்தினாள்.

அடிவாரத்தில் குப்பாயி இறங்கி, சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ கெளம்பு கண்ணு. நான் நடந்தே ஏறிக்குவேன்."

சாருமதி சைக்கிளை மேட்டுப் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு பேருமாத் தள்ளலாங்க்கா. இந்தவாட்டி முன்னாடி ஒக்காருங்க, பெல்லு நீங்க அடிக்கலாம்."