வடை சுட்ட எண்ணெய்

எரிபொருள் லாரி பக்கத்தில் வந்து நின்றதுமே விமானத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“தள்ளி நில்லு, மேல படாத! ஊரெல்லாம் வடை சுட்டுக் கழிச்ச எண்ணெய்ல செஞ்சதாமே? அதையா நான் குடிக்கணும்?”

“நல்லா சுத்தம் பண்ணித்தான் கொண்டுவந்திருக்கேன். பூமியைத் தோண்டி எடுக்கிற எண்ணெயைவிட இதுல புகை குறைச்சல்,” என்றது லாரி.

வேறு வழியில்லாமல் விமானம் குடித்துத் தொலைத்தது. வானத்தில் ஏறியும் நிம்மதியில்லை. யாராவது கண்டுபிடித்துவிட்டால் மானம் போய்விடுமே! வழிநெடுகத் தன் புகையைத் தானே மோந்து பார்த்துக்கொண்டு பறந்தது. வடை வாசனை துளிகூட வரவில்லை.

தரையிறங்கிய இடத்தில் இன்னொரு விமானம், பூமியைத் தோண்டி எடுத்த வழக்கமான எண்ணெயைக் குடித்துவிட்டு, சிநேகமாக அருகில் வந்தது. நம் விமானமோ இறக்கையை ஒடுக்கிக்கொண்டு முகம் சுளித்தது.

“தள்ளி நில்லு, மேல படாத! என்ன கருமத்தைக் குடிச்சுட்டு வர்ற?”