வழி தவறிய செவிலித்தாய்

தேடிப் போனவளெல்லாம் கண்டுபிடிக்கத்தான் போனாள் என்று இந்த நோட்ஸ் போட்டவருக்கு யார் சொன்னது? சின்னப்பொண்ணு மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள்.

தமிழ் டீச்சர் பிரியதர்ஷினி, திருத்திய மாதிரித் தேர்வுத் தாளை அவள் முன்னால் போட்டாள்.

"இன்னா எழுதி வச்சிருக்க? காதலனோட போயிட்ட தலைவியைத் தேடி செவிலித்தாய் அழுதுக்கிட்டே போறான்னு சங்கப் பாட்டு சொல்லுது. நீ, அவ வேணும்னே வேற வழியில போனான்னு எழுதியிருக்க."

"ஆமாங்க டீச்சர்."

"போன தடவை தமிழ்ல ரெண்டு மார்க்குல போச்சு. இந்த தடவையாவது பத்தாவது பாஸாவ வேணாமா? சங்ககாலத்துக்குப் போய் நீ பாத்தியா?"

"நோட்ஸ் போட்டவரு பாத்தாரா?"

பிரியதர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அழுதவ எதுக்கு வழி மாறிப் போவணும்?"

சின்னப்பொண்ணு தாளைத் தள்ளி வைத்தாள். "நீ ரமேஷோட ஓடிப்போய் சந்தவாசல் பஸ் ஏறின அன்னைக்கு, கொதிச்சு நின்ன உங்கப்பனையும் பங்காளிங்களையும் எதிர்ப்பக்கம் திருப்பத்தூர் ரோட்டுல இட்டுக்கினு போனது யாருன்னு நெனச்ச? உன்னைப் பெத்த நான்தான். வழியெல்லாம் நான் அழுத அழுகையில ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல."

மகள் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"என்னைப் புடிச்சு இழுத்துட்டுப் போவ நீயும் வந்தன்னுதான பன்னெண்டு வருஷமா நெனச்சேன்," என்றவள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா பரீட்சையில மட்டும் துயரம்னு எழுதிடும்மா. நாப்பத்தெட்டு வயசுல மறுபடியும் பெயிலாவப் போறியா?"

சின்னப்பொண்ணுக்கு மனசு நிறைந்திருந்தது.

"பெயிலாவ வேணாங்க டீச்சர், துயரம்னே எழுதிடறேன்," என்றாள் மெதுவாக.