பக்கத்து நாற்காலி

“புரோகிராமருங்க எப்படி வேலை பார்க்கறாங்க, மனசு எப்படி இருக்குன்னு ஆராய்ச்சி பண்ண ஒரு மேடம் வராங்க. எதையும் மறைக்காம பேசு” என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

புரோகிராமர் நிமிர்ந்தபோது, காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க மேடம். என்ன வேணா கேளுங்க, ஒளிவுமறைவே கிடையாது!”

அவள் சற்றே தயங்கினாள். “இங்க வேலை எப்படி சார்?”

“ரெண்டு பேர் வேலையை ஒத்த ஆளா இழுக்கறேன். கூட ஒரு ஆள் வேணும்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்.”

“வீட்டுக்கு எப்பப் போவீங்க?”

“போவேன், சட்டை மாத்த. எங்க வீட்டு வாட்ச்மேனே ‘யாரைப் பார்க்கணும் சார்?’னு கேக்கறார்.”

“லீவு கிடைக்குமா?”

“கேட்டா மேனேஜர் சிரிப்பார். மனுஷன் அதுக்கு மட்டும்தான் சிரிப்பார்.”

அவள் எழுந்தாள். “இந்த உதவியை மறக்கவே மாட்டேன் சார்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. விசிலடித்தபடி கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் ஓடிவந்தார்.

“எங்கய்யா அந்தப் பொண்ணு?”

“ஆராய்ச்சி மேடமா? எல்லாத்தையும் கொட்டிட்டேன் சார்!”

“அவங்க நாளைக்குத்தான்யா வராங்க! இது உன் வேலையில பாதியைப் பார்க்க நான் தேடிப் பிடிச்ச பொண்ணு. இன்னைக்குத்தான் சேர வந்தா. ‘வேலை வேண்டாம்’னு மெசேஜ் அனுப்பிட்டா!”

அவன் காலி நாற்காலியைத் துடைத்துச் சரியாகப் போட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“சார், நாளைக்கு வர்ற மேடத்துக்குப் புரோகிராம் எழுதத் தெரியுமா?”