மைனஸ் ஐந்து போதும்

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, கனடாவின் சட்பரி நகரக் கடைத்தெருவில் முகாம் சாமான் கடை திறந்ததுமே க்ளென்னும் அவன் மனைவி மர்லீனும் உள்ளே போனார்கள். மரத்துக்கு மரம் கட்டும் தொங்கு படுக்கைக்கு அடியில் மாட்டும் போர்வை வேண்டும் என்றான் க்ளென்.

“எவ்வளவு குளிர் தாங்கணும், சார்?” என்றாள் கடைக்காரப் பெண்.

“மைனஸ் இருபத்தஞ்சு.”

“மைனஸ் அஞ்சு போதும்,” என்றாள் மர்லீன்.

“முதுகு விறைச்சிடும், மர்லீன்.”

“விறைக்கட்டும். தூளியில படுக்கிற வயசா இது?”

“கீழ இருந்துதான் மேடம் குளிர் ஏறும். வரப்போற குளிரைவிட அஞ்சு டிகிரி கூடத் தாங்குறதா வாங்கணும்.”

“நீ வேற ஏம்மா எடுத்துக் குடுக்கிற?”

க்ளென் மைனஸ் இருபத்தைந்து தாங்கும் தடித்த போர்வையை விரித்துப் பார்த்தான். மர்லீன் அதை மடித்து வைத்தாள். அவன் மறுபடி விரித்தான்.

“எந்தக் காட்டுக்கு, சார்?”

க்ளென் போர்வையின் கொக்கியை ஆராய்ந்தான்.

“காடும் இல்ல, ஏரியும் இல்ல,” என்றாள் மர்லீன். “எங்க வீட்டுக் கொல்லை. ஆகஸ்ட்ல முகாம் போயிட்டு வந்த மனுஷன், அன்னியிலிருந்து ரெண்டு மேப்பிள் மரத்துக்கு நடுவுலதான் படுக்கிறார். குளிர் தாங்காம தானா உள்ள வந்துடுவார்னு நானும் பார்க்கிறேன்.”

கடைக்காரப் பெண் மைனஸ் ஐந்து போர்வையை மெல்ல முன்னால் நகர்த்தினாள்.

க்ளென் தடித்ததையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “இது இருந்தா மார்ச் வரைக்கும் கவலையில்ல.”

“மார்ச்சுக்கு அப்புறமாவது உள்ள வருவியா, க்ளென்?”